லேஅவுட் தாளில் ஐசோமெட்ரிக் தோற்றம்: ஐந்து வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு பாகத்தின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகிய மூன்றையும் லேஅவுட் தாளில், அதாவது அச்சிடுவதற்கான தாளில், அமைத்து முடித்தபின் ஒரு மூலையில் இடம் எஞ்சியிருக்கும். தாளைக் கையில் எடுப்பவர் அந்த மூன்றையும் மனத்துக்குள் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதற்கு முன்பே பொருளின் வடிவம் அவருக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காக, அந்த இடத்தில் மூன்று முகங்களும் ஒருசேரத் தெரியும் சாய்கோணப் படமான ஐசோமெட்ரிக் தோற்றம் ஒன்றை வைப்பது வழக்கம். ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் இதற்கு ஐந்து வழிகள் உள்ளன. முப்பரிமாண மாடலே இல்லாமல் சாய்கோடுகளால் இரு பரிமாணத்தில் வரையலாம். மாடலை வியூபோர்ட் (தாளில் திறக்கும் சன்னல்) வழியாக நேரடியாகக் காட்டலாம். வியூபேஸ் கட்டளையால் மாடலோடு பிணைந்த தோற்றத்தை உருவாக்கலாம். ஃபிளாட்ஷாட் கட்டளையால் மாடலின் தோற்றத்தைத் தட்டையான பிளாக்காக (ஒரே பொருளாகத் தொகுத்த கோடுகளாக) மாற்றலாம். சால்புரோஃப் கட்டளையால் புறவரைகளை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

தாளை முதன்முறை அச்சிடும் நாளில் இந்த ஐந்துக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. பாகத்தில் ஒரு துளை இடம் மாறும்போதும், பிடிஎஃப் கோப்பை ஒருவர் பெரிதாக்கிப் பார்க்கும்போதும், இன்னொருவர் தாளின் மேல் அளவுகோலை வைக்கும்போதும்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஆகவே எது அழகாக இருக்கிறது என்பதைவிட, இந்த மூன்று நேரங்களிலும் எது நம்மைக் கைவிடாது என்பதைக் கொண்டே ஒப்பிட விரும்புகிறேன்.

மாடல் இல்லாமல் வரைவது

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822-இல் ஐசோமெட்ரிக் முறையை விதிகளோடு விளக்கியபோது அவர் முன் இருந்தவை காகிதமும் வரைகருவிகளும்தான். ஆட்டோகேடின் ஐசோமெட்ரிக் ஸ்னாப் அந்த முறையையே திரைக்குக் கொண்டுவருகிறது. எஃப்5 விசையை அழுத்தும்தோறும் கர்சர் இடத்தளம், மேல்தளம், வலத்தளம் என மாறும். நீள்வட்டக் கட்டளையில் ஐசோசர்க்கிள் என்ற தெரிவு வட்டங்களுக்கு உதவும். சாலிட் மாடலிங் (திடப்பொருளாக மாடல் கட்டும்) வசதி இல்லாத ஆட்டோகேட் எல்டி பயன்படுத்துவோருக்கு இதுவே கையிலிருக்கும் வழி.

குழாய்ப் பாதை வரைபடங்களுக்கு இம்முறையை நான் முழுமனத்தோடு பரிந்துரைப்பேன். குழாயை ஒற்றைக் கோடாகக் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்துக்கென ஐஎஸ்ஓ 6412 தரநிலையின் 2-ஆம் பகுதி தனியாகவே இருக்கிறது. அந்த வகை வரைபடத்தில் வால்வும் வளைவும் குறியீடுகளாகவே வருவதால், அவற்றை முழு மாடலாகக் கட்டியெழுப்பிப் பின்னர் குறியீடாகச் சுருக்குவது இரட்டை உழைப்பாகும்.

எந்திரப் பாகம் என்றால் நிலைமை வேறு. மூன்று அச்சுகளுக்கும் இணையாக இல்லாத ஒவ்வொரு விளிம்பையும் அதன் இரு முனைகளைக் கண்டறிந்து இணைக்க வேண்டும். ஃபில்லட் செய்த (விளிம்பை உருட்டிய) இரு பரப்புகள் சந்திக்கும் இடத்தைக் கையால் சரியாக வரைவது ஏறக்குறைய இயலாத வேலை. மேலும், இவ்வாறு வரைந்த படத்துக்கும் மற்ற மூன்று தோற்றங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும் என்பது வரைபவரின் நினைவில் மட்டுமே இருக்கும்.

வியூபோர்ட் வழியாக மாடலைக் காட்டுவது

1990-இல் வெளிவந்த ஆட்டோகேட் 11-ஆம் வெளியீட்டில் பேப்பர் ஸ்பேஸ் (தாளை அமைப்பதற்கான வெளி) அறிமுகமானதிலிருந்து இவ்வழி இருந்துவருகிறது. லேஅவுட்டில் ஒரு வியூபோர்ட் திறந்து, அதற்குள் சென்று, வியூபாயின்ட் மதிப்பை 1,-1,1 எனக் கொடுத்தால் தென்கிழக்கு ஐசோமெட்ரிக் கோணம் கிடைக்கும். -1,-1,1 எனக் கொடுத்தால் தென்மேற்கு. திரையில் தெரியும் திசைகாட்டும் கனசதுரமான வியூகியூபின் மூலையைச் சொடுக்கினாலும் இதே பலன்தான். பிறகு ஸ்கேலைத் தீர்மானித்து வியூபோர்ட்டைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் தெரியாமல் சென்று மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் ஸ்கேல் குலைந்துவிடும். சிறிய மாற்றமாக இருந்தால் அது அச்சான பின்பே கண்ணில் படும்.

இவ்வழியின் பெரும் பலம், காட்டப்படுவது மாடலே என்பதாகும். மாடலில் செய்யும் மாற்றம் அப்பொழுதே தாளில் தெரியும். புதுப்பிக்கக் கட்டளை எதுவும் வேண்டாம். சாலிட் (திடப்பொருள்), சர்ஃபேஸ் (பரப்பு), மெஷ் (வலைப்பரப்பு) என எதுவானாலும் காட்டும். வியூபோர்ட் வாரியாக லேயர்களை (வரைபட அடுக்குகளை) உறையவைக்கலாம், அதாவது தெரியாமல் செய்யலாம் என்பதால், மேல்மூடியை ஒரு வியூபோர்ட்டில் மட்டும் மறைத்து உள்ளமைப்பைக் காட்டுவது எளிது. பெர்ஸ்பெக்டிவ் முறையையும் இங்கே பயன்படுத்தலாம். ஆனால் பெர்ஸ்பெக்டிவில் அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் தெரிவதால் அத்தோற்றத்துக்கு ஸ்கேல் என்ற ஒன்றே பொருந்தாது. தயாரிப்பு வரைபடத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பலவீனம் அச்சிடும்போது வெளிப்படுகிறது. வியூபோர்ட் எப்படி அச்சாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷேட்பிளாட் பண்பில் ஷேடட், கான்செப்சுவல் போன்ற விஷுவல் ஸ்டைல்களைத் தேர்ந்தெடுத்தால், அந்த வியூபோர்ட்டின் உள்ளடக்கம் வெக்டர் கோடுகளாக அல்லாமல் பிக்சல்களாலான படமாகவே அச்சாகும். தரத்தை நார்மல் என வைத்தால் உச்ச வரம்பு அங்குலத்துக்கு 300 புள்ளிகள். பிரசன்டேஷன் என்றால் 600. பிரிவியூ என்றால் 150 மட்டுமே. 0.25 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோட்டுக்கு 150 புள்ளிகளில் ஒன்றரை பிக்சல்தான் கிடைக்கும். சாய்ந்த கோடுகளே நிறைந்த ஐசோமெட்ரிக் தோற்றத்தில் அது படிக்கட்டு போலத் தெரிவது தவிர்க்க முடியாதது. 841-க்கு 594 மில்லிமீட்டர் கொண்ட ஏ1 தாளை வியூபோர்ட் முழுவதுமாக நிரப்பினால், 300 புள்ளிகளிலேயே ஏறத்தாழ 7 கோடி பிக்சல்கள் தேவைப்படும். கோப்பின் பருமனும் அச்சிடும் நேரமும் அதற்கேற்ப ஏறும்.

கூர்மையான கோடுகள் வேண்டுமென்றால் ஷேட்பிளாட்டை லெகசி ஹிடன் என மாற்ற வேண்டும். அப்போது மறைந்த கோடுகள் நீக்கப்பட்டு, எஞ்சியவை வெக்டராகவே அச்சாகும். இதனோடு டிஸ்ப்சில் மாறியை 1 என வைக்காவிட்டால், வளைந்த பரப்புகளின் மேல் முக்கோண முகப்புகளின் கோடுகள் வலை போலப் படர்ந்துவிடும். ஃபேசட்ரெஸ் மாறியின் இயல்பு மதிப்பு 0.5, அதை 0.01 முதல் 10 வரை மாற்றலாம். மதிப்பைக் கூட்டக் கூட்ட வட்டங்கள் வழவழப்பாகும், கணக்கீடு நீளும். இந்த இரு மாறிகளையும் அறியாமல் வியூபோர்ட் வழியைக் குறைகூறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் சுட்டிய குறை பெரும்பாலும் இரண்டு எண்களில் தீர்ந்துவிடக்கூடியதாக இருந்தது.

0.8165 என்ற எண்

ஸ்கேல் பற்றிய குழப்பம் இந்த இரு வழிகளுக்கும் இடையேதான் முளைக்கிறது. இது கவனமாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டியது என்பதால் இங்கே சற்று நின்று விளக்குகிறேன்.

உண்மையான ஐசோமெட்ரிக் வீழலில் (பொருளை ஒரு தளத்தின் மேல் வீழ்த்திப் பெறும் படத்தில்) நம் பார்வைக்கோடு கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத்தின் வழியே செல்கிறது. அது கிடைத்தளத்தோடு 35.264 பாகைக் கோணம் அமைக்கிறது. அதனால் மூன்று அச்சுகளும் பார்ப்பவரை விட்டு ஒரே அளவு சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும் 0.8165 மடங்காக, அதாவது மூன்றில் இரண்டின் வர்க்கமூல அளவுக்குக் குறுகித் தெரிகிறது. வியூபோர்ட் காட்டுவது இந்த உண்மையான வீழலை. ஆகவே 100 மில்லிமீட்டர் கனசதுரத்தை 1:1 ஸ்கேலில் வியூபோர்ட்டில் வைத்தால், தாளில் அதன் விளிம்பு 81.65 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரு பரிமாணத்தில் கையால் வரையும்போதோ அச்சு வழியே முழு நீளத்தையும் அப்படியே எடுத்து வைக்கிறோம். அங்கே அதே விளிம்பு 100 மில்லிமீட்டர். இரண்டு படங்களும் வடிவத்தில் ஒன்றே, பருமனில் வேறு.

ஒரே தாள்தொகுப்பில் சில தாள்கள் கையால் வரைந்தவையாகவும் சில வியூபோர்ட்டில் வைத்தவையாகவும் இருந்தால், ஒரே பாகம் இரண்டு அளவுகளில் தோன்றும். இதைச் சரிசெய்ய வியூபோர்ட்டின் ஸ்கேலை 1.2247 மடங்காக்கினால் போதும். 1:10 என்பதற்குப் பதில் தனிப்பயன் ஸ்கேலாக 0.12247 என உள்ளிட வேண்டும். அவ்வாறு செய்தபின் அச்சுக்கு இணையான விளிம்புகள் மட்டுமே தாளில் சரியான நீளத்தில் அமையும் என்பதை மறக்கக்கூடாது. மேல்முகத்திலுள்ள 100 மில்லிமீட்டர் வட்டம் அப்போது 122.5-க்கு 70.7 என்ற நீள்வட்டமாகும். உண்மை வீழலில் அது 100-க்கு 57.7. கோளம் இருந்தால் அதுவும் 1.2247 மடங்கு பெருத்தே தெரியும்.

என்னைக் கேட்டால், ஐசோமெட்ரிக் தோற்றத்தை அளவெடுக்கும் தோற்றமாகவே கருதக்கூடாது என்பேன். உண்மை வீழலை அப்படியே விட்டு, அதன் கீழே 'அளவுக்கு அல்ல' என்று எழுதிவிடுவது நேர்மையான தீர்வு. 1.2247 மடங்கு திருத்தம், பழைய தாள்களோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் உள்ள இடத்தில் மட்டும் தேவை.

மாடல் வழி முறைகளுக்கு இங்கேயே இன்னொரு மேன்மையும் சேர்கிறது. பார்வைக்கோடு மூலைவிட்டத்தோடு ஒன்றிப்போவதால், கனசதுரத்தை ஒத்த பாகங்களில் முன்மூலையும் பின்மூலையும் ஒரே புள்ளியில் விழுகின்றன. 45 பாகையில் வெட்டிய ஒரு செங்குத்து முகம் பார்வைத் திசைக்கு இணையாக இருந்தால் வெறும் கோடாகிவிடும். பொருளைப் புரியவைக்க வைத்த தோற்றம் அதன் முக்கியமான முகத்தை மறைத்துவிடுகிறது. மாடல் இருந்தால் கிடைத்தளத்தில் பார்வைக் கோணத்தை 315 பாகையிலிருந்து 300-க்கும், உயரக் கோணத்தை 25-க்கும் நகர்த்தினால் அந்த முகம் திறந்துகொள்ளும். அது இனி கண்டிப்பான பொருளில் ஐசோமெட்ரிக் அல்ல. ஆனால் படிப்பவருக்கு அந்தப் பெயரைவிட அந்த முகம்தான் முக்கியம். கையால் வரைந்த படத்தில் இந்தத் திருத்தம் செய்ய வேண்டுமென்றால் முழுவதையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

வியூபேஸ்: மாடலோடு பிணைந்த கோடுகள்

ஆட்டோகேட் 2012-இல் வந்த இந்தக் கட்டளை, மேற்சொன்ன இரு வழிகளின் நன்மைகளைப் பெருமளவு ஒன்றாக்குகிறது. முதலில் ஒரு அடிப்படைத் தோற்றத்தை வைக்கிறோம். அதிலிருந்து நேராக இழுத்தால் மேல்தோற்றம், பக்கத்தோற்றம் போன்ற மற்ற ஆர்த்தோகிராஃபிக் (நேர்வீழல்) தோற்றங்களும், மூலைவாட்டில் இழுத்தால் ஐசோமெட்ரிக் தோற்றமும் பிறக்கின்றன. கிடைப்பவை வெக்டர் கோடுகள். தெரியும் கோடுகளும் மறைகோடுகளும் தனித்தனி லேயர்களில் தாமாகவே அமர்வதால் தடிப்பையும் நிறத்தையும் முறைப்படுத்துவது எளிது. மாடல் மாறினால் தோற்றமும் மாறுகிறது. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்தால், காலாவதியான தோற்றத்தின் மூலைகளில் சிவப்புக் குறிகள் தோன்றி நம்மை எச்சரிக்கின்றன. நான் இக்கட்டளையைப் பெரிதும் மதிப்பதற்கு முதற்காரணம் அந்தச் சிவப்புக் குறிகளே. மற்ற நான்கு வழிகளில் எதுவும் தான் பழையதாகிவிட்டதாக வாய் திறந்து சொல்வதில்லை.

ஐசோமெட்ரிக் தோற்றத்துக்கு வேண்டிய நுணுக்கங்களும் இதில் உள்ளன. மற்ற தோற்றங்களில் மறைகோடுகளை வைத்துக்கொண்டு, ஐசோமெட்ரிக்கில் மட்டும் அவற்றை நீக்கலாம். நீக்கவும் வேண்டும், ஏனெனில் சாய்ந்த மறைகோடுகள் தெளிவைக் கூட்டாமல் கெடுக்கவே செய்யும். ஃபில்லட்டுகள் மிகுந்த வார்ப்புப் பாகங்களில் தொடுவிளிம்புகளை (வளைந்த பரப்பு அடுத்த பரப்போடு இழையும் கோடுகளை) காட்டுவதா வேண்டாமா என்பதும் நம் கையில். அவற்றை முற்றிலும் நீக்கினால் உருண்ட பாகம் வடிவமற்ற கூடாகத் தெரியும் என்பதால், ஐசோமெட்ரிக்கில் அவற்றை வைத்திருப்பதே என் வழக்கம். ஷேடட் தோற்றமும் உண்டு. மாடல் ஸ்பேஸில் (மாடலைக் கட்டும் வெளியில்) வசதியான கோணத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, திசைத் தெரிவில் கரன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், முன்பு சொன்ன 300-க்கு 25 போன்ற கோணங்களையும் கொண்டுவரலாம். இன்வென்டர் என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளின் கோப்புகளை நேரடியாக ஏற்கும் வசதியும் இதற்கு இருக்கிறது.

வரம்புகளும் உண்டு. சாலிட், சர்ஃபேஸ் இரண்டையும்தான் இது கணக்கில் எடுக்கும். மெஷ் பொருள்களைக் காட்டாது. முதற்கோண, மூன்றாங்கோண வீழல் முறையை (எந்தத் தோற்றம் தாளில் எந்தப் பக்கம் அமையும் என்ற மரபை) தோற்றங்களை வைக்கும் முன்பே வியூஸ்டாண்டர்டு அமைப்பில் தீர்மானித்துவிட வேண்டும், ஏனெனில் பின்னால் செய்யும் மாற்றம் ஏற்கெனவே வைத்த தோற்றங்களைத் தொடாது. அடிப்படைத் தோற்றத்திலிருந்து இழுத்த ஐசோமெட்ரிக் அதன் ஸ்கேலையே பெற்றுக்கொள்ளும். மூலையிலுள்ள சிறிய இடத்துக்குள் அடக்க, வியூஎடிட் மூலம் அதைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும். 0.8165 கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

தட்டையாக்கும் இரு கட்டளைகள்

ஆட்டோகேட் 2007-இல் வந்த ஃபிளாட்ஷாட், மாடல் ஸ்பேஸில் அப்போது தெரியும் முப்பரிமாணப் பொருள்கள் அனைத்தையும் நடப்பு ஆயத்தளத்தில் (எக்ஸ்-ஒய் தளத்தில்) இரு பரிமாண பிளாக்காக இறக்கிவைக்கிறது. மறைந்த கோடுகளைச் சேர்க்கலாம், விடலாம். வேண்டாத பொருளின் லேயரை முன்கூட்டியே அணைத்துவிடலாம். கிடைத்த பிளாக்கைத் திருத்தலாம், தேவையற்ற கோட்டை அழிக்கலாம், தனிக்கோப்பாக்கி மாடலைத் தராமலே வெளியாருக்கு அனுப்பலாம். வடிவமைப்பைப் பாதுகாக்க விரும்புவோருக்கு இந்தக் கடைசி வசதி உண்மையிலேயே மதிப்புள்ளது.

ஆனால் அந்த பிளாக்குக்கும் மாடலுக்கும் உறவு அந்தக் கணத்தோடு அறுந்துவிடுகிறது. ஒருமுறை ஒரு ஃபிளாஞ்சில் ஆறு துளைகள் எட்டாக மாற்றப்பட்டன. ஆர்த்தோகிராஃபிக் தோற்றங்கள் வியூபோர்ட்டில் இருந்ததால் தாமாகவே மாறிவிட்டன. நான் ஃபிளாட்ஷாட்டில் எடுத்து வைத்திருந்த ஐசோமெட்ரிக் மட்டும் ஆறு துளைகளோடு அப்படியே நின்றது. பணிமனையில் இருந்தவர் எது சரி என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் கேட்காமல் படத்தை நம்பியிருந்தால் ஒரு வார்ப்பு வீணாகியிருக்கும். அன்றிலிருந்து, இன்னும் மாறக்கூடிய எந்தப் பாகத்துக்கும் நான் ஃபிளாட்ஷாட் பயன்படுத்துவதில்லை.

சால்புரோஃப் இதைவிடப் பழையது. லேஅவுட் வியூபோர்ட்டுக்குள் இருந்துகொண்டு சாலிடைத் தேர்ந்தெடுத்தால், தெரியும் கோடுகளையும் மறைகோடுகளையும் இரண்டு லேயர்களில் பிளாக்குகளாகத் தரும். பிறகு அந்த வியூபோர்ட்டில் அசல் சாலிடின் லேயரை உறையவைக்க வேண்டும். இதுவும் தானாகப் புதுப்பிக்கப்படாது. சால்வியூ, சால்டிரா ஆகிய இரண்டும் இதன் உடன்பிறப்புகள். ஆனால் அவை முதன்மையாக ஆர்த்தோகிராஃபிக், துணை, வெட்டுத் தோற்றங்களுக்கானவை. வியூபேஸ் இல்லாத பழைய வெளியீட்டைப் பயன்படுத்துவோர் மட்டும் சால்புரோஃபைக் கற்றால் போதும்.

அளவுக்குறிப்பு இடவேண்டுமென்றால்

ஐசோமெட்ரிக்கில் அளவுக்குறிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இரு பரிமாண முறையில் அலைன்டு டைமென்ஷன் (கோட்டுக்கு இணையாக அமையும் அளவுக்குறிப்பு) இட்டு, அதை 30, -30 அல்லது 90 பாகைக்குச் சாய்த்து, எழுத்தையும் 30 பாகை சாய்ந்த ஸ்டைலில் அமைக்க வேண்டும். அச்சுக்கு இணையான நீளங்களுக்கு எண் சரியாக வரும். மூலைவாட்டு நீளங்களுக்கு வராது. வியூபோர்ட் முறையில் தாளின் தளத்திலேயே அளந்தால் குறுகிய நீளம் கிடைக்கக்கூடும். ஆகவே ஆயத்தளத்தை உரிய முகத்தோடு ஒட்டவைத்து, மாடல் ஸ்பேஸிலேயே தனி லேயரில் அளவிட்டு, மற்ற வியூபோர்ட்டுகளில் அந்த லேயரை உறையவைப்பதே நம்பகமானது. உழைப்பு மிகுந்த வேலை இது. மூன்று ஆர்த்தோகிராஃபிக் தோற்றங்கள் பக்கத்திலேயே இருக்கும் தாளில் இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

தேர்வு

சாலிட் மாடல் இருக்கிறது, பாகம் இன்னும் மாறக்கூடும், தாள் பணிமனைக்குப் போகிறது என்றால் வியூபேஸ்தான் என் விடை. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. மாடலில் மெஷ் கலந்திருந்தாலோ, ஒரே தாளில் லேயர்களை மாற்றி மாற்றி உள்ளமைப்பைக் காட்ட வேண்டியிருந்தாலோ, பூட்டிய வியூபோர்ட்டும் லெகசி ஹிடனும் பொருந்தும். வடிவத்தை விளக்கும் ஒப்புதல் தாளாக இருந்தால் ஷேடட் வியூபோர்ட்டைப் பிரசன்டேஷன் தரத்தில் அச்சிடலாம். மாடல் இல்லாத குழாய்ப் பாதைக்கு ஐசோமெட்ரிக் ஸ்னாப். மாடலை வெளியே தரக்கூடாத நிலையில், வடிவமைப்பு முடிந்து கையொப்பமான பிறகு, ஃபிளாட்ஷாட்.

ஏற்கெனவே ஃபிளாட்ஷாட்டில் செய்த தாள்கள் கோப்பகத்தில் கிடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவற்றையெல்லாம் இன்றே வியூபேஸுக்கு மாற்றுவது நடவாத காரியம். ஆனால் ஒவ்வொரு பிளாக்கின் பெயரிலும் அது எடுக்கப்பட்ட திருத்த எண்ணைச் சேர்த்துவிடலாம். தாளின் திருத்த எண் முன்னேறி பிளாக்கின் எண் பின்தங்கியிருந்தால், அந்த ஐசோமெட்ரிக்கை மீண்டும் எடுக்க வேண்டும் என்பது கோப்பைத் திறந்தவுடனே தெரிந்துவிடும். ஃபிளாட்ஷாட் உரையாடல் பெட்டியில் பழைய பிளாக்கை மாற்றீடு செய்யும் தெரிவு இருப்பதால், தாளில் அது அமர்ந்திருக்கும் இடமும் மாறாது.